வீல்சேர் வேனைத் திரும்பக் குடும்ப வேனாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய வண்டி விற்கும் இடங்களில் வீல்சேர் வேன் அடிக்கடி கண்ணில் படும். அதில் போய்வந்த பெரியவர் காலமாகியிருப்பார், அல்லது முதியோர் இல்லம் ஏதாவது புது வண்டி வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி என்றால் மீட்டரும் குறைவாகவே காட்டும். "லிஃப்டைக் கழற்றிவிட்டு நாலு சீட் போட்டால் குடும்பத்துக்கு ஆயிற்று" என்று கணக்குப் போடத் தோன்றும். வீட்டிலேயே இப்படி ஒரு வண்டி இருந்து, இனி அது தேவைப்படாது என்ற நிலைக்கு வந்தவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

சில வண்டிகளில் இது ஒரு வார இறுதி வேலை. சில வண்டிகளில் எவ்வளவு கொட்டினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எது எந்த ரகம் என்பதை வண்டியின் பெயரை வைத்தோ வருடத்தை வைத்தோ சொல்ல முடியாது. தரையை வெட்டியிருக்கிறார்களா இல்லையா, அதுதான் கேள்வி.

படி 1: கீழே படுத்துப் பாருங்கள்

வீல்சேர் வேன்கள் பொதுவாக மூன்று ரகம்.

முதல் ரகம், பெரிய வேனில் லிஃப்ட் வைத்தது. ஃபோர்டு ஈ-சீரிஸ் (பழைய பெயர் ஈகோனோலைன்), செவ்ரொலே எக்ஸ்பிரஸ், 2015 மாடலிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஃபோர்டு டிரான்சிட் போன்றவை. பக்கக் கதவிலோ பின்கதவிலோ ஒரு ஹைட்ராலிக் லிஃப்ட் நிற்கும். கூரையைச் சில வண்டிகளில் ஃபைபர் கிளாஸ் வைத்து உயர்த்தியிருப்பார்கள். தரை பெரும்பாலும் கம்பெனித் தரைதான். மேலே பிளைவுட் போட்டு, அதன்மேல் வினைல் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது, பக்கக் கதவு வழியாக வீல்சேர் ஏறும் மினிவேன். டாட்ஜ் கிராண்ட் கேரவன், கிறைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி, டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி இவற்றில்தான் அதிகம். இண்டியானா மாநிலம் வினமாக்கில் இருக்கும் பிரான்எபிலிட்டி, அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இருக்கும் வி.எம்.ஐ. போன்ற நிறுவனங்கள் புது வண்டியை எடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பிலிருந்து பின்சீட் வரை மொத்தத் தரையையும் அறுத்து எடுத்துவிட்டு, 10 முதல் 14 அங்குலம் வரை கீழே புதுத் தரையை வெல்டிங் செய்கிறார்கள். முன்சீட் இரண்டும் உயரமான தனி ஸ்டாண்டில் நிற்கும். நடு வரிசை இருக்காது. பின்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் மட்டும் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, பின்கதவு வழியாக ஏறும் மினிவேன். இதில் தரை முழுவதையும் வெட்டுவதில்லை. பின் பம்பரிலிருந்து உள்ளே ஒரு வாய்க்கால் மாதிரி நடுப்பகுதியை மட்டும் தாழ்த்தியிருப்பார்கள். கடைசி வரிசை போயிருக்கும். நடு வரிசையில் இரண்டு ஓரத்திலும் சீட் இருந்தால் அதிர்ஷ்டம்.

கண்டுபிடிப்பது சுலபம். பக்கக் கதவைத் திறந்து நடுத்தரையையும் பின்சீட் நிற்கும் தரையையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அடி உயரப் படி தெரிந்தால் தரை வெட்டிய வண்டி. அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பாருங்கள். கம்பெனி வண்டியின் அடியில் மேடு பள்ளம், குறுக்குச் சட்டங்கள், நடுவே எக்ஸாஸ்ட் குழாய் எல்லாம் தெரியும். தரை தாழ்த்திய வண்டியில் கறுப்பு மெழுகுப் பூச்சுடன் பெரிய தட்டைத் தகடு தெரியும்; எக்ஸாஸ்ட் ஓரமாகச் சுற்றிப் போகும்; பெட்ரோல் டேங்க்கூடப் பல வண்டிகளில் இடம் மாறியிருக்கும்.

அதே நேரத்தில் துருவையும் பார்த்துவிடுங்கள். மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் மாதிரி குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. புதுத் தரையும் பழைய பாடியும் சேரும் வெல்டிங் கோட்டில்தான் துரு ஆரம்பிக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்தக் கோட்டில் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று சத்தம் வந்தால் சரி. "பொத்" என்று மந்தமாக வந்தாலோ, பூச்சு உரிந்து செதில் செதிலாக விழுந்தாலோ, அந்த இடத்தில் சீட் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

படி 2: மாற்றத்தான் வேண்டுமா?

வழிகாட்டி எழுதிக்கொண்டே இதைக் கேட்பது முரணாகப் படலாம். ஆனால் தரை வெட்டிய மினிவேன் உங்களிடம் இருந்தால், மிகச் சிறந்த வழி அதை அப்படியே வீல்சேர் தேவைப்படும் ஒருவருக்கு விற்றுவிட்டு, சாதாரண மினிவேன் ஒன்றை வாங்குவதுதான். தரையை வெட்டி ராம்ப் (வீல்சேர் உருண்டு ஏறும் சாய்பலகை) வைக்க ஆயிரக்கணக்கில், பல சமயம் பத்தாயிரக்கணக்கில் டாலர் செலவாகியிருக்கும். அந்த மதிப்பில் ஒரு பங்காவது வண்டியில் இன்னும் இருக்கிறது. அதே வண்டியில் நீங்கள் ராம்பைக் கழற்றி நடுவில் ஏதோ ஒரு சீட்டை வைத்தால், வீல்சேர்க்காரரும் வாங்கமாட்டார், குடும்பக்காரரும் வாங்கமாட்டார். வெட்டிய தரையை மறுபடி உயர்த்தி ஒட்டுவது என்று ஒரு வேலையே கிடையாது. செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள்.

லிஃப்ட் வைத்த பெரிய வேன் என்றால் கதை வேறு. அது மாற்றத் தோதான வண்டி.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்கும் வீடுகள் நம்மவர்களில் நிறைய. முழங்கால் வலிக்காரருக்குத் தாழ்ந்த தரையும் ராம்பும் வரப்பிரசாதம். தள்ளுவண்டியில் குழந்தையை அப்படியே உருட்டி ஏற்றலாம், சைக்கிளை நிற்கவைத்தே ஏற்றலாம். ராம்பை வைத்துக்கொண்டே ஒன்றிரண்டு சீட் கூட்ட முடியுமா என்று பார்ப்பது பல வீடுகளுக்குப் போதும்.

படி 3: காகிதத்தையும் கதவு ஸ்டிக்கரையும் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி ஸ்டிக்கரோடு, மாற்றியமைத்த நிறுவனத்தின் ஸ்டிக்கரும் தனி எண்ணோடு இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் 49 சி.எஃப்.ஆர். 595 என்று ஒரு பகுதி இருக்கிறது. உடல் ஊனமுற்றவருக்காக வண்டியை மாற்றும்போது சில பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குத் தருவது அதுதான். அப்படி விலக்கில் மாற்றிய வண்டிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எந்தெந்த விதி விலக்கப்பட்டது என்று உரிமையாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சுமை தாங்கும் அளவு 100 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் அதையும் அதில் சொல்ல வேண்டும். வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் அந்தத் தாள் இன்னும் கிடக்கிறதா என்று தேடுங்கள். எந்த ஏர்பேக்கை எடுத்தார்கள், எந்த பெல்ட்டைக் கழற்றினார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, "ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்லும் ஸ்டிக்கர். இந்தக் கணக்கில் ஒரு ஆளுக்கு 150 பவுண்டு. ஸ்டிக்கர் 1,000 பவுண்டு என்று சொன்னால், ஆறு பேருக்கு 900 போய், பெட்டி படுக்கைக்கு 100 தான் மிச்சம். கோடை விடுமுறையில் நயாகரா போகும் குடும்பத்துக்கு 100 பவுண்டு எந்த மூலைக்கு? தாழ்ந்த தரையின் இரும்பு எடை ஏற்கெனவே இதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. எத்தனை சீட் வைக்க இடம் இருக்கிறது என்று பார்க்கும் முன், எத்தனை பேரை வண்டி தாங்கும் என்று பாருங்கள்.

பெரிய வேனுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் உட்காரும் வண்டியை அமெரிக்க மத்திய விதிகள் பஸ் என்றே வகைப்படுத்துகின்றன. அதோடு, 15 பேர் வேன்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால் கவிழும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. 2001-லேயே எச்சரித்தது. உயர்த்திய கூரையோடு இருக்கும் வேனுக்கு அந்த எச்சரிக்கையை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளலாம். ஏழு, எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: முதலில் ஓட்டுநர் பக்கம்

சீட்டுக்குப் போகும் முன் இதை முடித்துவிட வேண்டும். முன்னால் ஓட்டியவர் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கொடுத்தவராக இருந்தால், ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும்; அதிலிருந்து இரண்டு கம்பிகள் பெடலுக்குப் போகும். ஸ்டீரிங்கில் ஒரு குமிழ் மாட்டியிருக்கும். சிலவற்றில் இடது காலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர் பிரேக்குக்கு இடப்பக்கம் இருக்கும். இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது: பழக்கமில்லாதவர் பிரேக் என்று நினைத்து அதை மிதித்தால் வண்டி சீறிப் பாயும். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்பே இதைக் கழற்றிவிட வேண்டும்.

கை நெம்புகோலைக் கழற்றிய பிறகு முழங்காலுக்கு எதிரே இருக்கும் பிளாஸ்டிக் பலகையைப் பாருங்கள். கம்பி போக வழி வேண்டும் என்று அதை வெட்டியிருப்பார்கள். அதன் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு மோதலில் முழங்காலைத் தாங்குவதற்காக இருப்பது; அதை எடுத்திருந்தால் திரும்ப வாங்கிப் போட வேண்டும். ஸ்டீரிங் ஒரு விரலாலேயே சுற்றுகிற அளவுக்கு லேசாக இருந்தால், கை பலம் குறைந்தவருக்காக அதை மாற்றியமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் பழையபடி மாற்றுவது பட்டறை வேலை.

படி 5: லிஃப்டை இறக்குவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லிஃப்டுக்குப் பேட்டரியிலிருந்தே நேராக ஒரு தடித்த கேபிள் வரும். வழியில் எஞ்சின் அறையில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். லிஃப்ட் முனையில் மட்டும் கேபிளைத் துண்டித்து டேப் சுற்றி விட்டுவிடுவது வழக்கமான சோம்பேறித்தனம். அடியில் உரசி உரசி அதன் தோல் போனால் தீப்பற்றும். பேட்டரி முனையிலிருந்தே கழற்றி, கேபிளை முழுவதுமாக உருவி எடுங்கள்.

சின்ன ஒயர்களில் கவனம் வேண்டும். கதவு மூடியிருந்தால், கை பிரேக் போடாமல் இருந்தால் லிஃப்ட் இயங்கக் கூடாது, லிஃப்ட் வெளியே இருந்தால் வண்டி நகரக் கூடாது என்பதற்கு ஒரு பூட்டு அமைப்பு இருக்கும். அதன் ஒயர் கியர் லீவர் வரை போகும். வெட்டிப் போட்டுவிட்டால் வண்டி பார்க் நிலையிலிருந்து நகராமல் நிற்கக்கூடும். ஒவ்வொரு ஒயரையும் வெட்டாமல் கனெக்டரிலேயே பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து, இரு முனையிலும் ஒரே எண்ணைப் பேனாவில் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் எடை. லிஃப்ட் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். மேடை செங்குத்தாக மடிந்த நிலையில், அது தானாக விரியாதபடி பட்டையால் இறுகக் கட்டுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் சிந்தும், கீழே ஒரு தட்டு வையுங்கள். போல்ட்டுகள் தரையைத் துளைத்து அடியில் தடித்த தகட்டோடு பூட்டியிருக்கும். ஒருவர் உள்ளே, ஒருவர் அடியில் என்று இரண்டு பேர் வேண்டும். கடைசி போல்ட்டைக் கழற்றும் முன் எஞ்சின் தூக்கும் கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து லிஃப்டைத் தொங்கவிடுங்கள். நண்பர்கள் நாலு பேர் கைகொடுத்து இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வாசலுக்குள் நாலு பேர் நிற்க இடம் கிடையாது. மேடையும் ஒரு பக்கமாகச் சாயும்.

கழற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் பயப்படாதீர்கள். லிஃப்டின் எடைக்காக அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைச் சிலர் பலப்படுத்தியிருப்பார்கள். அதையும் கம்பெனி ஸ்பிரிங்காக மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய துளைகளைச் சுற்றித் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ரப்பர் அடைப்பான் வைத்து, மேலும் கீழும் சீலர் பூசுங்கள்.

படி 6: தரையின் மேல் இருப்பவை

வீல்சேரைக் கட்டும் பட்டைகளுக்காகத் தரையில் நீள அலுமினியத் தண்டவாளங்கள் பதிந்திருக்கும். க்யூஸ்ட்ரெய்ன்ட், ஷூர்லாக் என்ற பெயர்கள் பொறித்திருக்கலாம். நடுவில் பூட்டு மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருந்தால், அது வீல்சேரின் அடி ஆணியைக் கவ்விப் பிடிக்கும் ஈஸி லாக் போன்ற சாதனம். இதைக் கழற்றிவிடலாம், இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். தண்டவாளத்தை விட்டுவைக்கலாம், பெட்டி கட்ட உதவும். ஆனால் அதில் சீட்டை மாட்டும் ஆசை வேண்டாம். அந்தத் தண்டவாளத்தில் மாட்டவென்றே செய்து, அதோடு சேர்த்துச் சோதித்த சீட்டுகள் தனியாக உண்டு. உங்கள் வண்டியில் இருக்கும் தண்டவாளம் அந்த விதத்தில் பூட்டியதா என்பது அடியில் பார்த்தால்தான் தெரியும். மர ஸ்க்ரூவால் பிளைவுட்டில் முடுக்கியிருந்தவையும் உண்டு.

இப்போது பிளைவுட். பெரிய வேனில் இதை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடியில் கம்பெனிக்காரன் விட்ட சீட் மாட்டும் இடங்கள் மறைந்திருக்கலாம். வண்டி பிறவியில் பயணிகள் வேனா, சரக்கு வேனா என்பதை வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணைக் கொடுத்து டீலரின் பாகங்கள் கவுன்ட்டரில் கேளுங்கள். பயணிகள் வேன் என்றால் உங்களுக்கு லாட்டரிதான்: ஈ-சீரிஸின் கம்பெனி பெஞ்சுகள் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் கிடைக்கும், தரையில் இருக்கும் கொக்கிகளில் நேராக உட்கார்ந்துகொள்ளும். பெல்ட் மாட்டும் திருகுத் துளைகளும் சுவரில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் காத்திருக்கும். சரக்கு வேன் என்றால் இந்த இடங்கள் எதுவும் இருக்காது. அடுத்த படி முழுவதும் உங்களுக்குத்தான்.

பிளைவுட்டின் மேலேயே சீட்டை வைத்து முடுக்குவதை நிறையப் பேர் செய்கிறார்கள். மரம் நாளாக ஆக அழுந்தும். அன்றைக்கு இறுக்கிய போல்ட் ஆறு மாதத்தில் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்துவிடும். பிளைவுட் வேண்டுமென்றால், ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரத்தில் பெரிய துளை போட்டு, மரத்தின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய இரும்புக் குழாயை அதில் இறக்குங்கள். சீட்டின் கால் அந்தக் குழாயின்மேல் நிற்கும்; இறுக்கம் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே இருக்கும்.

படி 7: சீட்டும் பெல்ட்டும்

சீட் என்பது உட்காரும் பொருள் மட்டும் என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது. அமெரிக்க வண்டிப் பாதுகாப்பு விதி எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 207 சொல்வது: சீட் தன் எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 30 கிலோ சீட் என்றால் 600 கிலோ இழுப்பு. இது வெறும் சீட்டுக்கு, ஆள் இல்லாமல். ஆளைப் பிடிப்பது பெல்ட், அதற்கு விதி 210. இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் சேர்ந்த பெல்ட் என்றால் ஒவ்வொரு இருக்கைக்கும் இடுப்புக்கு 3,000 பவுண்டு, தோளுக்கு 3,000 பவுண்டு விசையை ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். மூன்று பேர் பெஞ்சில் பெல்ட் எல்லாம் சீட்டிலேயே பொருத்தியிருந்தால், மொத்தம் 18,000 பவுண்டு, அதாவது 8 டன்னுக்கும் மேல், அந்தச் சீட்டின் கால்கள் வழியாகத் தரையில் இறங்கும். வேன் தரையின் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். வாஷர் மட்டும் போட்டு முடுக்கிய போல்ட் அந்த இழுப்பில் அப்பளத்தைக் குத்திய மாதிரி தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே 207, 210 விதிகளின்படி சோதித்த சீட்டையும் அதற்கான மாட்டும் சாமான்களையும் தேடுங்கள். தரை தாழ்த்திய மினிவேன் என்றால் முதல் போன் அதை மாற்றியமைத்த நிறுவனத்துக்கு. கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சொல்லி, அந்தத் தரைக்கு நடு வரிசைச் சீட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய வேனுக்கு மடக்குச் சீட் வேண்டுமென்றால் சிகாகோவின் ஃப்ரீட்மன் போன்ற பஸ் சீட் நிறுவனங்களும் செய்கின்றன.

2. பெல்ட் சுவரில் மாட்டுவதா, சீட்டிலேயே இருப்பதா என்று முடிவு செய்யுங்கள். சுவரில் கம்பெனித் துளை இருந்தால் அதுவே நல்லது. தரையின்மேல் விழும் சுமை குறையும். சீட்டிலேயே பெல்ட் என்றால் தரைக்கு அடியில் ஒரு சட்டத்தைப் பட்டறையில் போட்டு, பாடியின் நீளச் சட்டங்களோடு இணைக்க வேண்டியிருக்கும். இது வெல்டிங் தெரிந்த எவரும் செய்யும் வேலை கிடையாது.

3. துளை போடும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், எக்ஸாஸ்ட், ஹைபிரிட் வண்டியென்றால் ஆரஞ்சு நிறக் கேபிள். சியன்னா 2021 மாடலிலிருந்து ஹைபிரிட் மட்டும்தான். ஆரஞ்சு கேபிள் இருக்கும் இடத்தில் கையே வைக்காதீர்கள்.

4. போல்ட்டின் தலையைப் பாருங்கள். ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, மூன்று கோடு இருந்தால் கிரேடு 5. மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எதுவும் எழுதாத மொட்டைத் தலை போல்ட் வேலிக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது. சீட்டோடு வரும் பட்டியலில் என்ன கிரேடு, எவ்வளவு டார்க் (முறுக்கி இறுக்கும் விசை) என்று இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து அதே அளவுக்கு இறுக்குங்கள். லாக் நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

5. யார்டிலிருந்து எடுத்த பெல்ட்டைப் போடாதீர்கள். அந்த வண்டி யார்டுக்கு வந்ததே மோதலால் இருக்கலாம். ஒருமுறை இழுபட்ட பெல்ட்டின் நூல் நீண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. சீட் பழையதாக இருக்கலாம், பெல்ட் புதியதாக இருக்க வேண்டும்.

பக்கவாட்டைப் பார்த்தபடி வைத்த சோபா மாதிரி சீட்டைப் பழைய சொகுசு வேன்களில் பார்த்திருப்பீர்கள். குடும்ப வண்டிக்கு வேண்டாம். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டும் வேண்டாம். பின்வரிசையின் நடு இருக்கைக்குக்கூடத் தோள் பட்டை வேண்டும் என்ற சட்டம் 2002-இல் வந்து, 2007 செப்டம்பருக்குள் புது வண்டிகளில் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

படி 8: தரை தாழ்த்திய மினிவேனில் மட்டும்

யார்டில் கிடைக்கும் அதே மாடல் நடு வரிசைச் சீட்டை வாங்கிவந்து போட முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியாது. மாட்டும் இடங்களை அறுத்துத் தூக்கிப் போட்டாயிற்று. கிராண்ட் கேரவனில் சீட் மடிந்து உள்ளே போகும் குழிகளும் அதோடு போயின. ஏதோ ஒரு விதத்தில் மாட்டிவிட்டாலும், ஆள் ஒரு அடி கீழே உட்காருவார். தூணில் இருக்கும் பெல்ட்டின் மேல் முனை பழைய உயரத்திலேயே இருக்கும். பெல்ட்டைப் போட்டுப் பார்த்தால் தோளில் படிய வேண்டிய பட்டை கன்னத்தையும் கழுத்தையும் உரசிக்கொண்டு இறங்கும். மோதலில் அது கழுத்தை அறுக்கும். சீட்டை ஒரு அடி உயரப் பெட்டியின் மேல் வைத்தால் பெல்ட் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டி முன் சொன்ன டன் கணக்கைத் தாங்க வேண்டும். முன்சீட்டுக்கு மாற்றியமைத்த நிறுவனம் செய்த உயர ஸ்டாண்டைப் பாருங்கள், எவ்வளவு தடித்த இரும்பு என்று புரியும்.

முன்சீட்டைச் சொன்னதும் ஒன்று. பல வண்டிகளில் முன்பக்கப் பயணி சீட் நெம்புகோலை இழுத்தால் சக்கரத்தில் உருண்டு வெளியே வரும். வீல்சேரை அங்கே வைப்பதற்காக அந்தச் சீட்டை எடுத்துக் கராஜில் போட்டிருப்பார்கள், விற்கும்போது மறந்துவிடுவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பது பெரியவரா குழந்தையா என்று எடையை வைத்து ஏர்பேக்குக்குச் சொல்லும் உணரி அந்தச் சீட்டுக்குள் இருக்கிறது. வேறு சீட்டைப் போட்டால் டீலரிடம் கணினி வைத்து அளவு திருத்த வேண்டும். ஏர்பேக் கனெக்டர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அவற்றைத் தொடுங்கள்.

ராம்ப் இரண்டு விதம். தரைக்கு அடியிலிருந்து நீண்டு வருவது ஒன்று. அதை விட்டுவிடுங்கள், கழற்றினாலும் இடம் கிடைக்காது. மடிந்து கதவோரம் செங்குத்தாக நிற்பது மற்றொன்று. நடுவில் சீட் வைத்தால், அங்கே உட்காருபவருக்கு வலப்பக்கக் கதவு என்பது ராம்ப் விரிந்தால்தான் வழி. கரண்ட் இல்லாதபோது அதைக் கையால் விடுவிக்கும் பிடி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி, குழந்தைகளை ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்றும் பாருங்கள்.

ராம்ப் விரியும்போது வண்டியைப் பின்னால் மண்டியிட வைக்கும் மோட்டாரும் சங்கிலியும் சிலவற்றில் உண்டு. அதை நிறுத்துவதானால் வண்டி உயர்ந்த நிலையில் இருக்கும்போது நிறுத்துங்கள்.

பின்கதவு ரகத்தில் வேலை குறைவு. ஓரச் சீட்டுகள் இரண்டும் இருந்தால் நால்வருக்கு ஆயிற்று. வாய்க்காலை மூடக் கழற்றி மாட்டும் பலகை ஒன்றைச் செய்துகொண்டால் சாமான் வைக்கலாம். அதன்மேல் ஆள் உட்காரக் கூடாது. ஊரில் கோயிலுக்குப் போகும் வேனில் பாய் விரித்து உட்கார்ந்த பழக்கத்தில் "பக்கத்தில்தானே" என்று யாராவது கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்.

படி 9: குழந்தை சீட்

2002 செப்டம்பருக்குப் பிறகு வந்த வண்டிகளில் குழந்தை சீட்டை மாட்டும் லாட்ச் வளையங்கள் உண்டு. நடு வரிசையோடு அவையும் போயிருக்கும். பின் பெஞ்சில் இருக்கிறதா என்று மெத்தை இடுக்கில் கைவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் வண்டி பெல்ட்டாலேயே குழந்தை சீட்டைக் கட்டலாம், ஆனால் பெல்ட் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். முன்னோக்கி வைக்கும் சீட்டின் மேல் பட்டைக்கும் ஒரு கொக்கி வேண்டும். பூஸ்டரில் உட்காரும் குழந்தைக்குத் தோள் பட்டை இல்லாத இருக்கை ஆகவே ஆகாது.

படி 10: பட்டறை, இன்ஷூரன்ஸ், நம்பர் பிளேட்

பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற மத்தியச் சட்டம் டீலரையும் பட்டறைக்காரரையும் கட்டுப்படுத்தும். உங்கள் வண்டியில் நீங்களே கைவைப்பதை அது தடுப்பதில்லை. இதனால்தான் சாதாரணப் பட்டறைகள் பல "எங்களால் ஆகாது" என்று கைவிரிக்கின்றன. என்மீடா என்ற சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் டீலர்கள் வீல்சேர் வண்டி வேலையையே தொழிலாகச் செய்பவர்கள். துளை போடும் வேலையை, அதிலும் தாழ்த்திய தரையில், அவர்களிடம் கொடுங்கள். லிஃப்ட் கழற்றுவது, தரை சுத்தம் செய்வது, ஒயர் உருவுவதை நீங்கள் செய்து வைத்தால் கூலி மிச்சம்.

இன்ஷூரன்ஸ்காரரிடம் சீட் எண்ணிக்கை மாறியதை எழுத்தில் சொல்லுங்கள். முன்பு லிஃப்டுக்கும் ராம்புக்கும் தனி மதிப்பு எழுதியிருந்தால் பிரீமியம் குறையலாம். மாற்றுத்திறனாளி நம்பர் பிளேட் அந்த ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பென்சில்வேனியா, நியூயார்க் மாதிரி ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை நடக்கும் மாநிலத்தில் இருந்தால், வேலை முடிந்ததும் சோதனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். பெல்ட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சில நூறு மைல் ஓடிய பிறகு எல்லா சீட் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். முதல் முறை இறுக்கியதும் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

கழற்றிய லிஃப்டையும் ஈஸி லாக்கையும் குப்பையில் போடாதீர்கள். மாடல் எண்ணோடு, எடுத்த படங்களோடு, எண் ஒட்டிய ஒயர்களோடு சேர்த்து விற்பனைக்குப் போட்டால் வாங்க ஆள் இருக்கிறது. பழைய லிஃப்டுக்கு உதிரிபாகம் தேடி அலைபவர்கள் எப்போதும் உண்டு.